பயனர் இடைமுகங்களுக்கான வடிவமைப்பு முறைமை: உருவாக்கலும் பேணலும்

தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் – க.பொ.த. (சாதாரண தரம்)
மேலதிக விளக்கக் கட்டுரை

இக்கட்டுரையைக் கற்ற பின்னர் நீங்கள்,

• வடிவமைப்பு முறைமை என்றால் என்ன என்பதை விளக்குவீர்கள்.
• பாணி, கூறு, கோலம் ஆகிய மூன்று அடுக்குகளையும் உதாரணங்களுடன் வேறுபடுத்துவீர்கள்.
• வடிவமைப்பு முறைமையொன்றை உருவாக்கும் படிமுறைகளை ஒழுங்காகக் குறிப்பிடுவீர்கள்.
• அம்முறைமையைத் தொடர்ந்து பேண வேண்டியதன் காரணங்களை எடுத்துரைப்பீர்கள்.

1. அறிமுகம்

மாணவர்களே! பயனருக்கும் கணினிக்கும் இடையே தொடர்பை ஏற்படுத்துவது பயனர் இடைமுகம் என்பதை நீங்கள் ஏற்கெனவே கற்றுள்ளீர்கள். சாளரம், பட்டி, படவுரு, பொத்தான், படிவம் என்பன வரைவியற் பயனர் இடைமுகத்தின் பகுதிகளாகும். ஒரு தனிப் பக்கத்துக்கு இவற்றை வடிவமைப்பது கடினமன்று. ஆயிரக்கணக்கான பக்கங்களை வெவ்வேறு குழுக்கள் பல வருடங்களாக அமைக்கும்போதே பிரச்சினை தோன்றுகின்றது.

வயது முதிர்ந்த ஒருவரைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். அவர் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்க ஓர் அரச இணையத்தளத்துக்குச் செல்கின்றார். அங்கே பச்சை நிறப் பொத்தானை அழுத்தினால் அடுத்த பக்கம் வருகின்றது. மறுவாரம் சாரதி அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க வேறொரு தளத்துக்குச் செல்கின்றார். அங்கேயும் பச்சைப் பொத்தானை அழுத்துகின்றார். ஆனால் அத்தளத்தில் பச்சைப் பொத்தான் எழுதியவை அனைத்தையும் அழித்துவிடுகின்றது! முதலாவது தளத்தில் பிறந்த திகதியை நாள், மாதம், வருடம் என எழுதினார். இரண்டாவது தளம் மாதத்தை முதலிற் கேட்கின்றது. அவர் பிழை விட்டதும் "தவறான உள்ளீடு" என்று மட்டும் ஒரு செய்தி தோன்றுகின்றது. எதைத் திருத்த வேண்டும் என்பது தெரியாமல் அவர் கணினியை நிறுத்திவிடுகின்றார்.

அவர் இழந்தது சில நிமிடங்களை மட்டுமல்ல. தமக்கு உரித்தான ஒரு சேவையையே அவர் இழக்கக்கூடும். இங்கு குறை அவரிடத்தில் இல்லை. ஒவ்வொரு குழுவும் தனித்தனியே முடிவெடுத்ததே குறையாகும். இக்குறையைத் தீர்ப்பதற்கான வழியே வடிவமைப்பு முறைமை.

2. வரைவிலக்கணம்

ஒரு நிறுவனம் தனது எல்லா இடைமுகங்களிலும் மீண்டும் மீண்டும் பயன்படுத்துவதற்காக ஆக்கிய பாணிகள், கூறுகள், கோலங்கள் ஆகியவற்றையும், அவற்றை எப்போது, ஏன், எவ்வாறு பயன்படுத்த வேண்டும் என்ற விளக்கங்களையும், அவற்றுக்குரிய நிரலையும் ஒன்றாகக் கொண்ட தொகுதியே வடிவமைப்பு முறைமை எனப்படும்.

இவ்வரைவிலக்கணத்தில் "ஏன்" என்ற சொல்லைக் கவனிக்க. நிறங்களின் பட்டியலும் பொத்தான்களின் படங்களும் மட்டும் இருந்தால் அது ஒரு மாதிரிப் புத்தகமே. ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் எழுதப்பட்டிருக்கும்போதும், அம்முடிவைக் காலத்துக்கேற்பத் திருத்துவதற்கு ஒரு குழு பொறுப்பாக இருக்கும்போதும் மட்டுமே அது ஒரு முறைமையாகின்றது.

இவ்வெண்ணம் முற்றிலும் புதியதன்று. பிரதி செய்வதற்குக் கொன்ட்ரோல் விசையுடன் "சி" விசையை அழுத்துவதைச் சொல் முறைவழிப்படுத்தலிற் கற்ற மாணவன், விரிதாளுக்குச் சென்றதும் அதை மீண்டும் கற்க வேண்டியதில்லை. அப்பிள் நிறுவனம் தனது கணினிகளுக்கான இடைமுக வழிகாட்டியை 1987 இல் நூலாக வெளியிட்டது. கூகிள் நிறுவனம் "மெற்றீரியல் டிசைன்" என்னும் முறைமையை 2014 இல் அறிமுகப்படுத்தியது. இவை எல்லாவற்றினதும் நோக்கம் ஒன்றே: ஓரிடத்திற் கற்றது மறு இடத்திலும் பயன்பட வேண்டும்.

3. ஓர் உண்மை உதாரணம்: பிரித்தானிய அரச இணையத்தளம்

வடிவமைப்பு முறைமையின் ஆக்கத்தையும் பேணலையும் விளங்கிக்கொள்ளப் பிரித்தானிய அரசாங்கத்தின் "கவ்.யூகே" என்னும் இணையத்தளம் சிறந்த உதாரணமாகும். அதன் முறைமை எவரும் பார்க்கக்கூடியவாறு வெளியிடப்பட்டுள்ளது. காரணங்களும் அங்கேயே எழுதப்பட்டுள்ளன.

முன்னர் அந்நாட்டில் பொதுமக்களுக்கு ஒரு தளம், வியாபாரிகளுக்கு வேறொரு தளம், திணைக்களங்களுக்குத் தனித்தனித் தளங்கள் எனப் பல இருந்தன. 2011 இல் அரச டிஜிற்றல் சேவை என்னும் அமைப்பு ஏற்படுத்தப்பட்டது. 2012 ஒக்டோபர் 17 ஆந் திகதி கவ்.யூகே தளம், முன்பிருந்த இரு பிரதான தளங்களின் இடத்தை எடுத்துக்கொண்டது. பின்னர் திணைக்களங்களின் தளங்களும் படிப்படியாக இதனுள் சேர்க்கப்பட்டன. 2013 இல் இலண்டன் வடிவமைப்பு அரும்பொருளகத்தின் அவ்வருடத்துக்கான சிறந்த வடிவமைப்பு விருது இத்தளத்துக்குக் கிடைத்தது. விருது பெற்ற இத்தளத்தில் அலங்காரம் எதுவும் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. வெண்ணிறப் பின்னணி, கறுப்பு எழுத்து, நீல இணைப்பு, பச்சைப் பொத்தான் என்பனவே அதிலிருந்தன.

ஆரம்பத்தில் வழிகாட்டல்களும் நிரலும் பல இடங்களிற் சிதறிக் கிடந்தன. அவை 2018 இல் "கவ்.யூகே வடிவமைப்பு முறைமை" என்ற பெயரில் ஒரே இடத்துக்குக் கொண்டுவரப்பட்டன.

4. மூன்று அடுக்குகள்

மேற்படி முறைமை மூன்று பிரதான அடுக்குகளைக் கொண்டது. சிறியதிலிருந்து பெரியதற்குச் செல்லும் ஒழுங்கில் அவற்றை நோக்குவோம்.

(அ) பாணிகள்
நிறம், எழுத்துரு, எழுத்தின் அளவு, இடைவெளி என்பன பாணிகளாகும். கவ்.யூகே தளத்தின் எழுத்துரு, பிரித்தானிய வீதிக் குறியீட்டுப் பலகைகளுக்காக ஜொக் கின்னியர், மார்கரெட் கல்வேர்ட் ஆகிய இருவரும் ஆக்கிய எழுத்துருவின் வழிவந்தது. ஓடும் வாகனத்திலிருந்து விரைவாக வாசிப்பதற்கு ஆக்கப்பட்ட எழுத்து, திரையிலும் விரைவாக வாசிக்க உதவுகின்றது.

இடைவெளிகளும் மனம்போன போக்கில் விடப்படுவதில்லை. 5, 10, 15, 20, 25, 30, 40, 50, 60 பிக்சல் என்ற வரிசையிலிருந்தே அவை தெரிவு செய்யப்படுகின்றன. ஆகவே ஒரு குழு 17 பிக்சலும் இன்னொரு குழு 22 பிக்சலும் இடும் நிலை தவிர்க்கப்படுகின்றது.

(ஆ) கூறுகள்
பொத்தான், எழுத்துப் பெட்டி, தெரிவுப் பெட்டி, வழுச் செய்தி போன்று தனித்து இயங்கும் பகுதிகள் கூறுகளாகும். ஒரு கூறு பல பாணிகளைச் சேர்த்து ஆக்கப்படுகின்றது. உதாரணமாக, பொத்தானில் நிறம், எழுத்தளவு, இடைவெளி ஆகிய மூன்றும் உள்ளன. பிரதான செயலுக்குப் பச்சை, துணைச் செயலுக்குச் சாம்பல், மீளப் பெற முடியாத விளைவைத் தரும் செயலுக்குச் சிவப்பு என்று அம்முறைமை வகுத்துள்ளது. ஒரே பக்கத்தில் பல பிரதான பொத்தான்களை இடுவதைத் தவிர்க்குமாறும் அது கூறுகின்றது. எல்லாமே முக்கியம் என்றால் எதுவுமே முக்கியமாகத் தெரியாது என்பதே அதன் காரணம்.

(இ) கோலங்கள்
பயனர் ஒரு காரியத்தை நிறைவு செய்வதற்காகப் பல கூறுகளைச் சேர்த்துப் பயன்படுத்தும் முறை கோலம் எனப்படும். பெயரைக் கேட்டல், முகவரியைக் கேட்டல், திகதியைக் கேட்டல், விடைகளை அனுப்புமுன் சரிபார்க்கச் செய்தல் என்பன கோலங்களாகும்.

நினைவிற் கொள்க: பாணிகள் சேர்ந்து கூறு, கூறுகள் சேர்ந்து கோலம், கோலங்கள் சேர்ந்து சேவை.

5. முறைமையை உருவாக்கும் படிமுறைகள்

படி 1: இருப்பதைக் கணக்கெடுத்தல்
தற்போதுள்ள எல்லாப் பக்கங்களிலுமிருந்து பொத்தான்கள், படிவங்கள், தலைப்புகள் ஆகியவற்றின் படங்களைச் சேகரித்து அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே வேலைக்கு எத்தனை விதமான பொத்தான்கள் உள்ளன என்பது அப்போது வெளிப்படும்.

படி 2: பயனரின் தேவையை அறிதல்
எது அழகானது என்பதை அன்றி, எது பயனருக்குத் தடையாக உள்ளது என்பதையே முதலில் அறிய வேண்டும். பயனர்கள் உண்மையான படிவத்தை நிரப்பும்போது அருகிலிருந்து அவதானிப்பது இதற்கு ஏற்ற முறையாகும்.

படி 3: பெறுமானங்களுக்குப் பெயரிடல்
நிரலாக்கத்தில் ஒரு பெறுமானத்தை மாறியொன்றில் இட்டுப் பயன்படுத்துவதை நீங்கள் அறிவீர்கள். இங்கும் அதுவே நிகழ்கின்றது. நிறக்குறியீட்டு எண்ணை நூறு இடங்களில் எழுதாமல், "பிரதான பொத்தானின் நிறம்" எனப் பெயரிட்டு ஓரிடத்தில் எழுத வேண்டும். அந்த ஓரிடத்தில் மாற்றினால் நூறு இடங்களிலும் மாறும். "பச்சை" என்று பெயரிடாமல் "பிரதான பொத்தானின் நிறம்" எனப் பயனைக் குறித்துப் பெயரிடுவது ஏன்? நாளை அந்நிறம் நீலமாக மாறினாலும் பெயர் பொருந்தும் என்பதாலாகும்.

படி 4: கூறுகளை ஆக்கிச் சோதித்தல்
ஒவ்வொரு கூறையும் எல்லா நிலைகளிலும் ஆக்க வேண்டும். சாதாரண நிலை, சுட்டி மேலே இருக்கும் நிலை, விசைப்பலகையால் தெரிவு செய்யப்பட்ட நிலை, வழு ஏற்பட்ட நிலை என்பன அவற்றுட் சிலவாகும். கைப்பேசியிலும் கணினியிலும், திரையில் உள்ளதை உரத்து வாசிக்கும் மென்பொருளுடனும் சோதிக்க வேண்டும்.

படி 5: ஆவணப்படுத்தல்
எப்போது பயன்படுத்த வேண்டும், எப்போது பயன்படுத்தக் கூடாது, எவ்வாறு இயங்கும், ஏன் இவ்வாறு ஆக்கப்பட்டது ஆகிய நான்கு வினாக்களுக்கும் ஒவ்வொரு கூறுக்கும் விடை எழுத வேண்டும்.

படி 6: வெளியிட்டுப் பேணல்
நிரலைப் பதிப்பு இலக்கத்துடன் வெளியிட்டு, பயன்படுத்தும் குழுக்களிடமிருந்து வரும் குறைகளைப் பெற்றுத் திருத்த வேண்டும்.

6. ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் உண்டு

பின்வரும் நான்கு உதாரணங்களும் கவ்.யூகே முறைமையிலிருந்து எடுக்கப்பட்டவை.

பிறந்த திகதி: ஒருவர் தமக்கு நன்கு தெரிந்த திகதியை எழுத வேண்டிய இடத்தில் நாட்காட்டிப் படம் தரப்படுவதில்லை. நாள், மாதம், வருடம் என மூன்று சிறு பெட்டிகள் தரப்படுகின்றன. 1948 இற் பிறந்தவர் நாட்காட்டியைப் பின்னோக்கித் தள்ளித் தள்ளித் தமது பிறந்த வருடத்தைத் தேட வேண்டியதில்லை. ஒரு பெட்டி நிரம்பியதும் அடுத்த பெட்டிக்குத் தானாகத் தாவும் வசதியும் தவிர்க்கப்படுகின்றது. அது சிலருக்கு எதிர்பாராத குழப்பத்தை ஏற்படுத்தும்.

வழுச் செய்தி: "தவறான உள்ளீடு" என எழுதாமல், "உங்கள் முழுப் பெயரை எழுதுக" என்பது போன்று செய்ய வேண்டியதைக் கூற வேண்டும். பக்கத்தின் மேற்பகுதியில் எல்லா வழுக்களும் தொகுத்துக் காட்டப்படுகின்றன. அதே சொற்கள் உரிய பெட்டியின் அருகிலும் காட்டப்படுகின்றன. எனவே மேலே வாசித்தவர் கீழே அதை எளிதில் அடையாளம் காண்பார்.

எண் பெட்டி: எச்.ரி.எம்.எல். மொழியில் எண்களை உள்ளிடுவதற்கென ஒரு தனி உள்ளீட்டு வகை உண்டு. எண் கேட்கும் இடத்தில் அதைப் பயன்படுத்துவது சரியென்றே எவருக்கும் தோன்றும். ஆயினும் அதில் ஒரு சிக்கல் காணப்பட்டது. எண்ணை எழுதிய பின் பக்கத்தை நகர்த்தச் சுட்டியின் சில்லை உருட்டினால், பயனர் அறியாமலே எண் கூடியோ குறைந்தோ விடலாம். உதவி மென்பொருள்கள் சிலவற்றோடும் அது நன்கு இயங்கவில்லை. ஆகவே 2020 இல் அம்முறைமை, சாதாரண எழுத்துப் பெட்டியைப் பயன்படுத்தி, கைப்பேசியில் எண் விசைகள் தோன்றச் செய்யும் குறிப்பை மட்டும் அதற்கு வழங்கும் முறைக்கு மாறியது. தமது வருமானத்தை ஒருவர் சரியாக எழுதியும், பிழையான எண் அரசுக்குச் சென்றால் விளைவு என்னவாகும் எனச் சிந்தித்துப் பாருங்கள்.

நிற வேறுபாடு: இணைய உள்ளடக்கத்தை எல்லாரும் பயன்படுத்துவதற்கான சர்வதேச வழிகாட்டியின் இடைநிலைத் தரத்தின்படி, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வு வேறுபாட்டு விகிதம் குறைந்தது 4.5 : 1 ஆக இருக்க வேண்டும். பெரிய எழுத்துக்கு அது 3 : 1 ஆகும். வெள்ளையில் கறுப்பு எழுத்துக்கு விகிதம் 21 : 1 ஆகும். மேலும், நிறத்தை மட்டும் கொண்டு எச்சரிக்கை செய்யக் கூடாது. சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்திக் காண முடியாதோர் பலர் உளர். எனவே சிவப்பு நிறத்துடன் சொல்லும் இருக்க வேண்டும்.

7. பேணல்: முறைமையின் உயிர்

முறைமையை ஆக்கி முடித்ததும் வேலை முடிந்துவிட்டது எனப் பலர் கருதுவர். அது தவறாகும். முறைமை விருத்தி வாழ்க்கை வட்டத்தில் பேணலுக்கு இடம் இருப்பது போலவே இங்கும் உண்டு. பேணல் தேவைப்படுவதற்கான காரணங்களைப் பின்வருமாறு வகுக்கலாம்.

(அ) வெளியுலகம் மாறுதல்
கவ்.யூகே தளத்தின் ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் ஒரு முடிச் சின்னம் உண்டு. 2022 செப்ரெம்பரில் இரண்டாம் எலிசபெத் மகாராணி காலமானார். புதிய மன்னர் மூன்றாம் சார்ள்ஸ் வேறு வடிவ முடியைத் தெரிவு செய்தார். அதற்கேற்ப 2024 பெப்ரவரியில் தளத்தின் சின்னம் மாற்றப்பட்டது.

இங்கேதான் வடிவமைப்பு முறைமையின் பெறுமதி விளங்குகின்றது. பொதுவான நிரற் தொகுதியைப் பயன்படுத்திய குழுக்கள் அதன் புதிய பதிப்பை நிறுவினாற் போதுமானதாக இருந்தது. அத்தொகுதியைப் பயன்படுத்தாது, சின்னத்தைத் தமது பக்கங்களிற் கையாற் பிரதி செய்து வைத்துக்கொள்ளும் ஒரு குழுவோ ஒவ்வொரு இடமாகத் தேடி மாற்ற வேண்டியிருக்கும். தவறவிட்ட இடத்தில் பழைய முடியே இருக்கும். 2025 யூன் மாதத்தில் அத்தளத்தின் சின்னமும் தோற்றமும் மீண்டும் புதுப்பிக்கப்பட்டன. ஒரு முறை செய்தது இறுதியானதன்று என்பதை இது காட்டுகின்றது.

(ஆ) தரங்கள் மாறுதல்
மேற்கூறிய சர்வதேச வழிகாட்டியின் 2.1 ஆம் பதிப்பு 2018 இல் வெளிவந்தது. எழுத்துக்கு மட்டுமன்றி, இடைமுகத்தின் ஏனைய முக்கிய பகுதிகளுக்கும் போதிய வேறுபாடு வேண்டும் என அது கூறியது. விசைப்பலகையால் தெரிவு செய்யப்பட்ட இடத்தைக் காட்ட முன்னர் பயன்பட்ட மஞ்சட் கோடு, வெண்ணிறப் பின்னணியிற் போதியளவு தெரியவில்லை. ஆகவே 2019 இல் மஞ்சளுடன் தடித்த கறுப்புக் கோடும் சேர்க்கப்பட்டது. சுட்டியைப் பயன்படுத்த முடியாமல் விசைப்பலகையை மட்டுமே நம்பியிருப்பவருக்குத் தாம் பக்கத்தில் எங்கே நிற்கின்றார் என்பதைக் காட்டுவது இக்கோடே.

(இ) புதிய தேவைகள் எழுதல்
ஒரு குழுவுக்கு முறைமையில் இல்லாத கூறொன்று தேவைப்படலாம். அதை அக்குழு தானே ஆக்கி மறைத்து வைத்தால் மற்றொரு குழுவும் அதையே மீண்டும் ஆக்கும். எனவே வெளிக் குழுக்களும் கூறுகளை முன்மொழிய வழி இருக்க வேண்டும். கவ்.யூகே முறைமையில் ஒரு முன்மொழிவு முதலில் இரு வினாக்களால் அளக்கப்படுகின்றது. அது பலருக்குப் பயன்படுமா? முறைமையில் ஏற்கெனவே உள்ள ஒன்றிலிருந்து வேறுபட்டதா? பின்னர் அது பயனரால் சோதிக்கப்பட்டதா, ஏனையவற்றோடு ஒத்திசைகின்றதா, வெவ்வேறு சேவைகளிலும் பயன்படுமா என்பன பார்க்கப்படும்.

(ஈ) பதிப்பு இலக்கமிடல்
மாற்றங்களைக் குழுக்களுக்கு அறிவிக்க மூன்று எண்களைக் கொண்ட பதிப்பு இலக்கம் பயன்படுத்தப்படுகின்றது. 4.2.1 என்பதை உதாரணமாகக் கொள்வோம்.

• சிறு வழு திருத்தப்பட்டால் இறுதி எண் கூடும்: 4.2.2
• பழையது எதுவும் கெடாமல் புதிய வசதி சேர்க்கப்பட்டால் நடு எண் கூடும்: 4.3.0
• பழைய பக்கங்கள் இயங்காமற் போகக்கூடிய மாற்றம் செய்யப்பட்டால் முதலாவது எண் கூடும்: 5.0.0

இலக்கத்தைப் பார்த்த மாத்திரத்திலேயே, இதை இன்றே நிறுவலாமா அல்லது சோதித்த பின் நிறுவ வேண்டுமா என்பதைக் குழு தீர்மானிக்கலாம்.

(உ) நீக்குதல்
பேணல் என்பது சேர்ப்பது மட்டுமன்று. பயனற்றதை நீக்குவதும் பேணலே. ஆனால் முன்னறிவித்தல் இன்றி நீக்கக் கூடாது. "இது அடுத்த பெரும் பதிப்பில் நீக்கப்படும், இதற்குப் பதிலாக இதைப் பயன்படுத்துக" என முதலில் அறிவித்து, குழுக்களுக்குக் கால அவகாசம் வழங்க வேண்டும்.

8. சீர்மையும் ஒரே அச்சும் ஒன்றல்ல

வடிவமைப்பு முறைமை இருந்தால் எல்லாப் பக்கங்களும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமா என்னும் வினா எழலாம். இல்லை என்பதே விடை. அரச டிஜிற்றல் சேவை 2012 இல் வெளியிட்ட வடிவமைப்புக் கோட்பாடுகளுள் ஒன்று இதனையே வலியுறுத்துகின்றது: சீராக இருக்க வேண்டும், ஆனால் எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்க்கக் கூடாது.

கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிப்பவரின் தேவையும், நெருங்கிய உறவினரின் மரணத்தைப் பதிவு செய்ய வருபவரின் தேவையும் ஒன்றல்ல. பொத்தானும் எழுத்துருவும் ஒன்றாக இருக்கலாம். கேட்கும் ஒழுங்கும் சொற்களும் வேறுபட வேண்டியிருக்கலாம். முறைமையிலுள்ள ஒரு கூறு பயனருக்குத் தடையாக இருப்பது சோதனையில் தெரியவந்தால், அதைக் காரணத்துடன் மாற்றி, அக்காரணத்தை முறைமைக் குழுவுக்கும் அறிவிக்க வேண்டும். காரணமின்றி மீறினால் குழப்பம் உண்டாகும். காரணம் கண்டும் மீறாது விட்டாற் பயனர் பாதிக்கப்படுவார்.

9. பயிற்சி: உங்கள் பாடசாலை நூலகத் தளம்

உங்கள் பாடசாலை நூலகத்துக்கு ஒரு வலைத்தளம் ஆக்கும் குழுவில் நால்வர் உள்ளனர் எனக் கொள்வோம். ஒவ்வொருவரும் ஒரு பக்கத்தை ஆக்குகின்றனர். வேலை தொடங்குமுன் நால்வரும் ஒரு தாளிற் பின்வருவனவற்றைத் தீர்மானித்து எழுதிக்கொள்க.

• நிறங்கள்: எழுத்து, பின்னணி, இணைப்பு, பிரதான பொத்தான், வழு என ஐந்து மட்டும்.
• எழுத்தளவுகள்: பெருந் தலைப்பு, துணைத் தலைப்பு, சாதாரண எழுத்து என மூன்று மட்டும்.
• பொத்தான் சொற்கள்: "தொடர்க", "சமர்ப்பிக்க", "நீக்குக". ஒரே செயலுக்கு ஒருவர் "அனுப்புக" என்றும் மற்றவர் "சமர்ப்பிக்க" என்றும் எழுதக் கூடாது.
• திகதி எழுதும் ஒழுங்கு: நாள், மாதம், வருடம்.

இப்பாணிகளை நால்வரது பக்கங்களுக்கும் பொதுவான ஒரே சி.எஸ்.எஸ். கோப்பில் எழுதுக. பக்கத்துக்குப் பக்கம் தனித்தனியே எழுத வேண்டாம். தமிழ் எழுத்துகளுக்கு மேலும் கீழும் குறிகள் வருவதால் வரிகளுக்கிடையே போதிய இடைவெளி விடுக. தமிழ்ச் சொற்கள் நீளமானவையாக இருப்பதாற் பொத்தானின் அகலத்தை நிலையான அளவாக வைக்காது, சொல்லுக்கேற்ப விரிய விடுக. தாளின் இறுதியில், இதைத் திருத்தும் பொறுப்பு நால்வரில் யாருடையது என்பதையும் எழுதுக. அந்த ஒருவரி இல்லாவிட்டால் அடுத்த தவணைக்குள் தாளில் ஒன்றும் தளத்தில் வேறொன்றும் இருக்கும்.

10. மாணவர்கள் பொதுவாக விடும் பிழைகள்

• வடிவமைப்பு முறைமையும் சி.எஸ்.எஸ். கோப்பும் ஒன்றென எழுதுதல். சி.எஸ்.எஸ். கோப்பு அதன் ஒரு பகுதி மட்டுமே.
• கூறு, கோலம் ஆகிய இரண்டையும் குழப்புதல். எழுத்துப் பெட்டி கூறு. முகவரியைக் கேட்கும் முறை கோலம்.
• நன்மை கேட்கப்பட்டால் "அழகாக இருக்கும்" என எழுதுதல். பயனர் மீண்டும் கற்கத் தேவையில்லை, வழுக்கள் குறையும், ஒரே வேலையைப் பல குழுக்கள் செய்வது தவிர்க்கப்படும், மாற்றங்களை எளிதிற் செய்யலாம் என எழுதுக.

11. மாதிரி வினாக்கள்

1. பின்வருவனவற்றுள் கோலத்துக்கு உதாரணமாக அமைவது எது?
(1) தலைப்பின் எழுத்தளவு (2) எழுத்துப் பெட்டி (3) பயனரிடம் முகவரியைக் கேட்கும் முறை (4) பொத்தானின் பச்சை நிறம்

2. 4.2.1 ஆம் பதிப்பிலிருந்த ஒரு கூறு நீக்கப்பட்டதால் பழைய பக்கங்கள் சில இயங்காமற் போகலாம். புதிய பதிப்பின் இலக்கம் யாது?
(1) 4.2.2 (2) 4.3.0 (3) 5.0.0 (4) 4.2.0

3. மிகப் பொருத்தமான வழுச் செய்தி எது?
(1) தவறான உள்ளீடு (2) வழு 402 (3) மீண்டும் முயல்க (4) நூலை மீளளிக்கும் திகதியை எழுதுக

4. நான்கு மாணவர்கள் ஆக்கிய நூலகத் தளத்தில் நான்கு விதமான பொத்தான்கள் உள்ளன.
(அ) இதனாற் பயனருக்கு ஏற்படக்கூடிய இரண்டு இடர்ப்பாடுகளைக் குறிப்பிடுக.
(ஆ) இதைத் தீர்க்க அவர்கள் முதலிற் செய்ய வேண்டியது யாது?
(இ) பொத்தானின் நிறத்தை மாறியொன்றிற் சேமிப்பதன் நன்மையை விளக்குக.

விடைகள்

1 – (3), 2 – (3), 3 – (4)

4. (அ) எப்பொத்தான் எச்செயலைச் செய்யும் என்பதை ஒவ்வொரு பக்கத்திலும் மீண்டும் கற்க வேண்டும். தவறான பொத்தானை அழுத்தித் தரவுகளை இழக்கலாம்.
(ஆ) தளத்திலுள்ள எல்லாப் பொத்தான்களையும் கணக்கெடுத்து, ஒவ்வொன்றும் எதற்குப் பயன்படுகின்றது எனப் பட்டியலிடல்.
(இ) ஓரிடத்தில் மாற்றும்போது எல்லாப் பக்கங்களிலும் நிறம் மாறும்; எந்தப் பக்கமும் தவறவிடப்படாது; நேரம் மீதமாகும்.

12. தொகுப்பு

வடிவமைப்பு முறைமை என்பது ஒரு முறை நன்கு சிந்தித்து எடுத்த முடிவைக் காரணத்துடன் எழுதிவைத்து, எல்லாரும் பயன்படுத்தி, பிழை கண்டபோது திருத்தும் ஏற்பாடாகும். பாணி, கூறு, கோலம் ஆகியன அதன் அடுக்குகள். கணக்கெடுத்தல் முதல் பேணல் வரை ஆறு படிகள் அதற்குண்டு. நல்ல முறைமையைப் பயன்படுத்தும் பயனர் அப்படியொன்று இருப்பதையே அறியமாட்டார். ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்த முதியவர், சாரதி அனுமதிப்பத்திரத் தளத்திலும் அதே பச்சைப் பொத்தானைக் கண்டு, தயக்கமின்றி அழுத்தி, தமது காரியத்தை முடித்துக்கொண்டு செல்வார். அதுவே அம்முறைமையின் வெற்றியாகும்.